எக்ஸ்க்ளூட் செய்யும் முன் ட்ரீயைப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டிபெண்டென்சி எக்ஸ்க்ளூஷன் பற்றியவை, அதாவது நாம் சேர்க்கும் லைப்ரரி (டிபெண்டென்சி) தன்னோடு இழுத்து வரும் மற்ற லைப்ரரிகளில் வேண்டாததை விலக்குவது. மற்றவற்றைத் தள்ளி வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த பில்ட் டூல் (மேவன், கிரேடில் போன்றவை), எந்த வெர்ஷன், டிபெண்டென்சி ட்ரீயில் (எது எதைக் கொண்டு வருகிறது என்று டூல் காட்டும் பட்டியல்) சம்பந்தப்பட்ட வரிகள், எர்ரர் மெசேஜின் முதல் சில வரிகள் ஆகிய நான்கும் இல்லாமல் எழுதினால் என்னால் ஊகம்தான் சொல்ல முடியும். ஊகத்தை நம்பி நீங்கள் ப்ரொடக்‌ஷனில் கை வைக்கக் கூடாது.

கேள்வி: ஸ்பிரிங் டிபெண்டென்சிக்குள் காமன்ஸ்-லாகிங்கை எக்ஸ்க்ளூட் செய்துவிட்டேன். ஆனாலும் வார் ஃபைலுக்குள் (வெப் ஆப்பின் பேக்கேஜ்) அந்த ஜார் (ஜாவா லைப்ரரியின் ஃபைல்) இருக்கிறது. இது மேவன் பக் தானே?

பக் இல்லை. மேவனில் ஒரு டிபெண்டென்சிக்குள் எழுதும் எக்ஸ்க்ளூஷன் அந்தக் கிளைக்கு மட்டும்தான் பொருந்தும். காமன்ஸ்-லாகிங் உங்கள் ப்ராஜெக்ட்டுக்குள் ஸ்பிரிங் வழியாக மட்டும் வருவதில்லை. அப்பாச்சி எச்டிடிபிகிளையன்ட் 4 கொண்டு வரும், காமன்ஸ்-பீன்யூடில்ஸ் கொண்டு வரும். ஒரு வாசலை அடைத்தால் அடுத்த வாசல் வழியாக வந்துவிடும்.

ட்ரீயில் ஒரே ஒரு இடத்தில்தான் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரண ட்ரீ, வென்ற பாதையை, அதாவது மேவன் தேர்ந்தெடுத்ததை மட்டும்தான் காட்டும். அதே ஜார் வேறு பாதைகளில் வந்தால் அவற்றை மறைத்துவிடும். நீங்கள் வென்றதை நீக்கியதும் மறைந்திருந்த அடுத்தது மேலே வந்தது, அவ்வளவுதான். வெர்போஸ் ஆப்ஷனோடு ட்ரீயை எடுங்கள். டிபெண்டென்சி ப்ளகின் 3.0 வந்தபோது இந்த ஆப்ஷன் காணாமல் போய், 3.2.0-ல் திரும்ப வந்தது. ப்ளகின் நடுவாந்தரமான வெர்ஷனில் இருந்தால் முதலில் அதை ஏற்றுங்கள்.

ஸ்பிரிங் எந்த வெர்ஷன் என்று சொல்லவே இல்லையே? ஸ்பிரிங் 5, 6 இரண்டிலும் காமன்ஸ்-லாகிங்குக்குப் பதிலாக ஸ்பிரிங்-ஜேசிஎல் என்ற சொந்த மாட்யூல் இருந்தது, 7-ல் மறுபடி காமன்ஸ்-லாகிங்குக்கே திரும்பிவிட்டார்கள். நீங்கள் 5-லோ 6-லோ இருந்தால் எழுதி வைத்திருக்கும் எக்ஸ்க்ளூஷன் எதையும் நீக்கவில்லை. அதை எடுத்துவிட்டு, உண்மையில் எந்தக் கிளை கொண்டு வருகிறது என்று பாருங்கள்.

கேள்வி: குரூப் ஐடி, ஆர்ட்டிஃபேக்ட் ஐடி இரண்டிலும் நட்சத்திரக் குறி போட்டால் எல்லா ட்ரான்சிட்டிவ் டிபெண்டென்சியும் (லைப்ரரி தன்னோடு இழுத்து வருபவை) போய்விடுமா?

போய்விடும், மேவன் 3.2.1 முதல். அதன் பிறகு அந்த லைப்ரரிக்கு என்னென்ன தேவை என்று கண்டுபிடித்து ஒவ்வொன்றாகச் சேர்க்கும் வேலை உங்களுடையது. அடுத்த வெர்ஷனில் அவர்கள் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. கிரேடிலில் ட்ரான்சிட்டிவ் என்பதை ஃபால்ஸ் ஆக்குவதும் இதே கதைதான்.

கேள்வி: 2021 டிசம்பரில் லாக்4ஜே (லாக் எழுதும் ஜாவா லைப்ரரி) பாதுகாப்புப் பிரச்சினைக்குப் பிறகு எங்கள் டீமில் லாக்4ஜே-கோர் எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் எக்ஸ்க்ளூட் செய்தோம். ஸ்கேன் ரிப்போர்ட் பச்சையாகிவிட்டது. இப்போது ஒரு சர்வீஸில் லாக் எதுவும் வருவதில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். இதே தவறைப் பல டீம்களில் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் ஆதங்கமாக இருக்கிறது.

முதலில் உங்கள் சர்வீஸுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். லாக்4ஜே 2-ல் ஏபிஐ ஒரு ஜார், கோர் இன்னொரு ஜார். கோடு அழைப்பது ஏபிஐயை. லாக்கை எடுத்து எழுதுவது கோர். கோரை நீக்கிவிட்டீர்கள், ஏபிஐ அப்படியே இருக்கிறது. ஏபிஐ கிளம்பும்போது ஒரு இம்ப்ளிமென்டேஷனைத் தேடும். கிடைக்கவில்லை என்றால், லாகிங் இம்ப்ளிமென்டேஷன் கிடைக்கவில்லை, சிம்பிள்லாகரைப் பயன்படுத்துகிறேன் என்று கன்சோலில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த சிம்பிள்லாகர் எர்ரர் லெவலையும் அதற்கு மேற்பட்டதையும் மட்டும்தான் காட்டும். இன்ஃபோ, வார்னிங் எல்லாம் மாயம். கிளம்பும்போது ஓடும் நூற்றுக்கணக்கான வரிகளில் அந்த ஒரு வரியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் சர்வீஸின் ஸ்டார்ட்அப் கன்சோலைத் திறந்து பாருங்கள், அது இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். எக்ஸ்க்ளூஷனுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு: இந்த லைப்ரரிக்கு அந்த ஜார் தேவை என்று அதை எழுதியவர் சொன்னாலும், என்னுடைய உபயோகத்தில் அது தேவையில்லை. இந்த வெர்ஷன் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கான இடம் அது இல்லை. மேவனில் எக்ஸ்க்ளூஷனுக்குள் வெர்ஷன் எழுத இடமே கிடையாது. குரூப் ஐடியும் ஆர்ட்டிஃபேக்ட் ஐடியும் மட்டும்தான். பழுதான வெர்ஷன் என்பது வெர்ஷன் பிரச்சினை. அதை வெர்ஷனில்தான் தீர்க்க வேண்டும்.

சிவிஇ-2021-44228 என்று பதிவான அந்தப் பாதுகாப்புப் பழுது இருந்தது லாக்4ஜே-கோரில். முதல் திருத்தம் 2.15.0, அதில் மீதி இருந்தவற்றுக்கு 2.16.0, 2.17.0, கடைசியில் 2.17.1. அந்த மாதமே எல்லாம் வந்துவிட்டன. செய்ய வேண்டியிருந்தது என்ன? பேரன்ட் பாமின் (POM, மேவன் ப்ராஜெக்ட்டின் விவரங்களை எழுதும் ஃபைல்) டிபெண்டென்சி மேனேஜ்மென்ட்டில் ஒரு இடத்தில் 2.17.1 என்றோ அதற்கு மேலோ எழுதுவது. மேவனில் அங்கே எழுதிய வெர்ஷன், எத்தனை படி ஆழத்தில் அந்த ஜார் வந்தாலும் செல்லும். ஸ்பிரிங் பூட் பேரன்ட் பாமைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் சுலபம், லாக்4ஜே2 வெர்ஷனுக்கான ப்ராப்பர்ட்டி ஒன்றை மாற்றினால் போதும். கிரேடிலில் ஒரு கன்ஸ்ட்ரெயின்ட் (வெர்ஷன் கட்டுப்பாடு) எழுதி, கூடவே ஏன் என்று பிக்காஸில் (because) ஒரு வரி சேர்த்தால், அந்த வரி டிபெண்டென்சி இன்சைட் ரிப்போர்ட்டிலும் தெரியும். ஒரு வரியில் முடிய வேண்டியதை முப்பது நாற்பது இடங்களில் எக்ஸ்க்ளூட் செய்து, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக்கிவிட்டீர்கள்.

வெர்ஷன் சண்டையை எக்ஸ்க்ளூஷனால் அடக்கப் பார்ப்பதன் இன்னொரு விளைவையும் சொல்கிறேன். ஒரு லைப்ரரி ஜாக்சன் (ஜேசன் டேட்டாவைக் கையாளும் லைப்ரரி) 2.9-ஐக் கேட்கிறது, இன்னொன்று 2.13-ஐக் கேட்கிறது என்று வையுங்கள். யாரோ ஒருவர் இரண்டாவது லைப்ரரியிலிருந்து ஜாக்சன்-கோரை மட்டும் எக்ஸ்க்ளூட் செய்கிறார். இப்போது ஜாக்சனின் இன்னொரு துண்டான டேட்டாபைண்ட் 2.13 வந்து நிற்கிறது, கோர் 2.9. இரண்டும் ஒரே வரிசை வெர்ஷனில் இருக்க வேண்டியவை. கம்பைல் ஆகும், ஏனென்றால் உங்கள் கோடு கோரை நேரடியாகத் தொடவில்லை. ஓடும்போது, அழைத்த மெத்தட் இல்லை என்று நோசச்மெத்தட்எர்ரர். அதைப் பார்த்து இன்னொரு எக்ஸ்க்ளூஷன் சேர்ப்பார்கள். அது வேறொன்றை உடைக்கும். ஜாக்சனுக்கென்றே ஒரு பாம் (இது BOM, ஒன்றோடொன்று பொருந்தும் வெர்ஷன்களின் பட்டியல்) வெளியிடுகிறார்கள். அதை இம்போர்ட் செய்தால் எல்லாத் துண்டுகளும் ஒரே வெர்ஷனுக்கு வந்துவிடும், ஒரு எக்ஸ்க்ளூஷன்கூடத் தேவைப்படாது.

இந்த வரிசையில் செய்யுங்கள்: வெர்ஷனை மேலே ஒரு இடத்தில் பூட்டுங்கள். எழுதிய லாக்4ஜே எக்ஸ்க்ளூஷன் எல்லாவற்றையும் எடுங்கள். ட்ரீயைப் பார்த்து கோர் ஒரே வெர்ஷனில் வருகிறதா என்று சரிபாருங்கள். அப்புறம் ஸ்கேன் ஓட்டுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் பச்சையாவது ஒரு பக்கம்தான். ப்ரோகிராம் ஒழுங்காக ஓடுவது அதைவிட முக்கியமான இன்னொரு பக்கம்.

கேள்வி: எக்ஸ்க்ளூட் வேலை செய்யவில்லை. உதவவும்.

மேலே கேட்ட நான்கு விவரங்களோடு மறுபடி எழுதுங்கள். இப்படி மொட்டையாகக் கேட்டால் ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி: எல்லா டெஸ்ட்டும் பாஸ். ப்ரொடக்‌ஷனில் இரண்டு நாள் கழித்து நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எர்ரர். எக்ஸ்க்ளூட் செய்த ஜாரில் உள்ள கிளாஸ்தான் அது. டெஸ்ட்டில் ஏன் பிடிபடவில்லை?

நல்ல கேள்வி, விவரமாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு காரணங்கள் உண்டு, உங்கள் ட்ரீயில் இரண்டுமே தெரிகின்றன.

ஒன்று, ஜாவா ப்ரோகிராமை ஓட்டும் ஜேவிஎம் ஒரு கிளாஸை முதன்முதலில் தேவைப்படும்போதுதான் தேடும். ஜார் இல்லை என்பது ப்ரோகிராம் கிளம்பும்போது தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தக் குறிப்பிட்ட வழியில் கோடு ஓடும்போதுதான் தெரியும். உங்களுக்கு அது ரீட்ரை செய்யும் பகுதியில் இருக்கிறது. இரண்டு நாள் ரீட்ரைக்கு அவசியம் வரவில்லை, மூன்றாம் நாள் வந்தது.

இரண்டு, டெஸ்ட் கிளாஸ்பாத் (கிளாஸ்களைத் தேடும் ஜார்களின் பட்டியல்) வேறு, ரன்டைம் கிளாஸ்பாத் வேறு. மெயின் கிளையில் எக்ஸ்க்ளூட் செய்த அதே ஜாரை, டெஸ்ட் ஸ்கோப்பில் இருக்கும் உங்கள் மாக் சர்வர் லைப்ரரி திரும்ப உள்ளே கொண்டு வருகிறது. டெஸ்ட்டுக்கு அந்த கிளாஸ் கிடைக்கிறது, பேக்கேஜுக்குள் போவதில்லை. ட்ரீயை ரன்டைம் ஸ்கோப்பில் தனியாக எடுத்துப் பாருங்கள். கிரேடில்காரர்கள் ரன்டைம்கிளாஸ்பாத், டெஸ்ட்ரன்டைம்கிளாஸ்பாத் இரண்டையும் எடுத்து ஒப்பிட வேண்டும். எக்ஸ்க்ளூட் செய்த பிறகு ஒரு டெஸ்டாவது, பேக்கேஜ் செய்து முடித்த ஜாரை வைத்து ஓட வேண்டும்.

கேள்வி: ட்ரீயில் லிசனபிள்ஃபியூச்சர் என்ற ஜார், 9999.0-எம்ப்டி-டு-அவாய்ட்-கான்ஃப்ளிக்ட்-வித்-குவாவா என்ற வெர்ஷனில் வருகிறது. இது ஏதோ வைரஸா? எக்ஸ்க்ளூட் செய்யட்டுமா?

வேண்டாம். அது குவாவா (கூகுளின் ஜாவா லைப்ரரி) டீமே வெளியிட்ட வெற்று ஜார். லிசனபிள்ஃபியூச்சர் கிளாஸை முழு குவாவா வேண்டாதவர்களுக்காகத் தனியாக 1.0 என்று வெளியிட்டார்கள். குவாவாவுக்குள்ளும் அதே கிளாஸ் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் டூப்ளிகேட் ஆகும் என்பதால், பெரிய வெர்ஷன் எண்ணோடு உள்ளே ஒன்றும் இல்லாத ஜாரைக் குவாவா 27 முதல் டிபெண்டென்சியாகச் சேர்த்தார்கள். அதிக வெர்ஷன் வெல்லும் கிரேடிலில் இது கச்சிதமாக வேலை செய்யும். அதை நீங்கள் எக்ஸ்க்ளூட் செய்தால் 1.0 உள்ளே வர வழி திறந்துவிடும்.

கேள்வி: கிரேடிலில் ஒவ்வொரு டிபெண்டென்சியிலும் எழுதச் சலிப்பாக இருக்கிறது. கான்ஃபிகரேஷன்ஸ் ஆல் என்று போட்டு ஒரே அடியாகக் குவாவாவை எக்ஸ்க்ளூட் செய்தேன். இப்போது செக்ஸ்டைல் (கோடின் நடையைச் சரிபார்க்கும் டூல்) டாஸ்க் விழுகிறது. சம்பந்தமே இல்லையே?

சம்பந்தம் இருக்கிறது. எல்லா கான்ஃபிகரேஷன் என்றால் உங்கள் கோடுக்கான கிளாஸ்பாத் மட்டும் இல்லை. செக்ஸ்டைல் ப்ளகின் தன் டூலை ஓட்டுவதற்கென்று ஒரு கான்ஃபிகரேஷன் வைத்திருக்கிறது, அனொடேஷன் ப்ராசசருக்கு ஒன்று இருக்கிறது. செக்ஸ்டைலுக்குக் குவாவா வேண்டும். அதன் கையிலிருந்தும் பிடுங்கிவிட்டீர்கள். ரன்டைம்கிளாஸ்பாத்துக்கு மட்டும் எழுதுங்கள். கம்பைலுக்கும் வேண்டாம் என்றால் கம்பைல்கிளாஸ்பாத்தையும் சேருங்கள்.

காமன்ஸ்-லாகிங்குக்குப் பதில் ஜேசிஎல்-ஓவர்-எஸ்எல்எஃப்4ஜே என்பது போல ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைப்பதுதான் நோக்கம் என்றால், கிரேடிலில் எக்ஸ்க்ளூட் தேவையே இல்லை. சப்ஸ்டிட்யூஷன் விதி இருக்கிறது. அல்லது இரண்டு ஜாரும் ஒரே கேபபிலிட்டியை (ஒரே வசதியை) தருகின்றன என்று அறிவித்துவிட்டால், இரண்டும் சேர்ந்து வரும்போது கிரேடிலே நிறுத்திக் கேட்கும். எக்ஸ்க்ளூட் அப்படி வாய் திறக்காது. பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் பேசாமல் போய்விடும், மேவனிலும் அப்படித்தான். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், எழுதிய பிறகு ட்ரீயைப் பாருங்கள்.

கேள்வி: ஹாம்க்ரெஸ்ட்-கோர் 1.1-ஐ எல்லாப் பாதையிலும் எக்ஸ்க்ளூட் செய்தாயிற்று. ட்ரீயில் 1.3 மட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் டெஸ்ட் ஓட்டினால் மேட்சர் கிளாஸில் டிஸ்கிரைப்மிஸ்மேட்ச் மெத்தட் இல்லை என்று நோசச்மெத்தட்எர்ரர். மாகிட்டோ-ஆல் 1.9.5, ஜேயூனிட் 4.11.

மாகிட்டோ-ஆல் தான் காரணம். அது மற்ற ஜார்களின் கிளாஸ்களைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வரும் ஜார். பழைய ஹாம்க்ரெஸ்ட் கிளாஸ்கள் அதற்குள் இருக்கின்றன. டிபெண்டென்சி ட்ரீக்கு ஜார்களின் பெயர்தான் தெரியும், ஒரு ஜாருக்குள் என்ன அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. எக்ஸ்க்ளூஷனாலும் ஒரு ஜாரின் உள்ளே கை விட முடியாது. மாகிட்டோ-ஆலை எடுத்துவிட்டு மாகிட்டோ-கோர் போடுங்கள், ஹாம்க்ரெஸ்ட் 1.3-ஐ நேரடியாக அறிவியுங்கள். மாகிட்டோ 2-லிருந்து ஆல் ஜாரே கிடையாது, முடிந்தால் அங்கே போய்விடுங்கள்.

ட்ரீ சுத்தமாக இருந்தும் இப்படி எர்ரர் வந்தால், ஜேவிஎம்மை வெர்போஸ் கிளாஸ் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு கிளாஸும் எந்த ஜாரிலிருந்து ஏறியது என்று எழுதிக் காட்டும். மணிக்கணக்கான ஊகம் மிச்சமாகும்.

கேள்வி: எஸ்பிடியில் (ஸ்காலா மொழியின் பில்ட் டூல்) எக்ஸ்க்ளூட் செய்தது வேலை செய்யவில்லை. ஸ்காலா 2.13.

ஆர்ட்டிஃபேக்ட் பெயரோடு கீழ்க்கோடு 2.13 என்ற வாலைச் சேர்த்தீர்களா? டிபெண்டென்சியில் இரட்டை சதவீதக் குறி போட்டால் எஸ்பிடி வாலைத் தானே சேர்க்கும். எக்ஸ்க்ளூட் மெத்தடில் வெறும் ஸ்ட்ரிங்காகப் பெயரை எழுதினால் சேர்க்காது. ஜாவா லைப்ரரி என்றால் வால் வேண்டாம்.

கேள்வி: நான் ஜாவாவிலிருந்து மாறியவன். என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட்), பிப் (பைதான்), கோ, கார்கோ (ரஸ்ட்) இவற்றில் எக்ஸ்க்ளூட் எங்கே?

பெரும்பாலும் இல்லை, இல்லாததற்கும் காரணம் உண்டு. என்பிஎம்மில் ஒரே பேக்கேஜின் இரண்டு வெர்ஷன் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியும் என்பதால் ஜாவா போலச் சண்டை வருவதில்லை. வெர்ஷனை மாற்ற ஓவர்ரைட்ஸ் இருக்கிறது, 8.3 முதல். பிப்பில் நோ-டெப்ஸ் என்றால் டிபெண்டென்சியே இல்லாமல் இன்ஸ்டால் ஆகும், மீதியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிப் செக் ஓட்டினால் குறை சொல்லும். கார்கோவில் டீஃபால்ட் ஃபீச்சர்களை அணைத்தால் அவற்றோடு வரும் க்ரேட்களும் (ரஸ்ட் லைப்ரரிகள்) வராது, இது லைப்ரரி எழுதியவரே திறந்து வைத்த முறையான வழி. கோ மாட்யூலில் எக்ஸ்க்ளூட் என்ற வார்த்தை இருக்கிறது, ஆனால் அது மாட்யூலை விலக்குவதில்லை, அதன் ஒரு குறிப்பிட்ட வெர்ஷனை மட்டும் விலக்கும். அதுவும் மெயின் மாட்யூலில் எழுதினால்தான் செல்லும். மேவன் பழக்கத்தில் அதை எடுத்துக்கொண்டால் குழம்பிப் போவீர்கள்.

கேள்வி: நாங்கள் ஒரு லைப்ரரி வெளியிடுகிறோம். எங்கள் பாமில் எழுதும் எக்ஸ்க்ளூஷன் அதைப் பயன்படுத்துகிறவர்களையும் பாதிக்குமா? ஆப்ஷனல், ப்ரொவைடட் எதைப் போடுவது?

பாதிக்கும். உங்கள் பாம் அப்படியேதான் அவர்களிடம் போகிறது, உங்கள் லைப்ரரி வழியாக வரும் கிளையில் அந்த ஜார் அவர்களுக்கும் கிடைக்காது. உங்கள் ஆப் ஒன்றுக்காக எழுதியதை லைப்ரரியின் பாமில் விட்டுவைத்து, அடுத்தவர்களுக்குக் கிளாஸ் கிடைக்காமல் செய்கிறவர்கள் நிறைய. லைப்ரரியில் எக்ஸ்க்ளூஷன் எழுத ஒரு முறைக்குப் பத்து முறை யோசியுங்கள்.

ஓடும் இடத்தில் சர்வரே தரும் என்றால் ப்ரொவைடட். ஒரு சில வசதிகளுக்கு மட்டும் வேண்டும், எல்லோருக்கும் வேண்டாம் என்றால் ஆப்ஷனல். ஆப்ஷனல் போட்டால் எந்த வசதிக்கு எந்த ஜார் என்று ரீட்மீயில் எழுதுவது உங்கள் கடமை. எழுதாவிட்டால் அவர்கள் எர்ரரைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

கேள்வி: ஸ்பிரிங் பூட்டில் டாம்கேட்டுக்குப் பதில் ஜெட்டி வேண்டும். எக்ஸ்க்ளூட் செய்யலாமா?

தாராளமாக. வெப் ஸ்டார்ட்டரில் டாம்கேட் ஸ்டார்ட்டரை எக்ஸ்க்ளூட் செய்து, ஜெட்டி ஸ்டார்ட்டரைச் சேருங்கள். எக்ஸ்க்ளூஷனை இதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: எனக்குக் கைமாறி வந்த ப்ராஜெக்ட்டில் சுமார் 150 எக்ஸ்க்ளூஷன். எழுதியவர்கள் யாரும் இப்போது இல்லை. தொடவே பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான், ஆனால் தொட்டுத்தான் ஆக வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை செத்த எக்ஸ்க்ளூஷன்களாக இருக்கும். லாக்4ஜே 1.2.15-ன் பாம், ஜேஎம்எக்ஸ்டூல்ஸ், ஜேஎம்எக்ஸ்ஆர்ஐ, ஜேஎம்எஸ் ஆகிய ஜார்களைக் கேட்கும். அவை மேவன் சென்ட்ரலில் இல்லாததால் அந்தக் காலத்தில் எல்லோரும் எக்ஸ்க்ளூட் செய்தார்கள். 1.2.16-ல் அந்தத் தேவையே போய்விட்டது. இன்னும் அந்த மூன்று வரிகளைக் காப்பி செய்துகொண்டிருக்கிறார்கள். பழைய ஜேயூனிட் டெஸ்ட்களை ஓட்டும் ஜேயூனிட் வின்டேஜ் என்ஜினின் எக்ஸ்க்ளூஷனும் அப்படித்தான். ஸ்பிரிங் பூட் 2.2, 2.3-ல் அதற்கு வேலை இருந்தது. 2.4-ல் டெஸ்ட் ஸ்டார்ட்டரிலிருந்தே வின்டேஜை எடுத்துவிட்டார்கள்.

வேலையை இப்படி ஆரம்பியுங்கள். இப்போதைய ட்ரீயை ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு ஃபைலில் எழுதி வையுங்கள். ஒரு எக்ஸ்க்ளூஷனை எடுங்கள், மறுபடி ட்ரீ எடுத்து டிஃப் பாருங்கள். வித்தியாசம் இல்லை என்றால் அது செத்தது, நீக்கி கமிட் செய்யுங்கள். முதல் சுற்றிலேயே பட்டியல் நன்றாக இளைத்துவிடும். வித்தியாசம் வந்தால், புதிதாக வந்த ஜார் ஏன் வேண்டாம் என்று தேடுங்கள்: வேறு வெர்ஷனா, வேறு பெயரில் அதே கிளாஸ்களா, அல்லது வெறும் சைஸ் குறைக்கவா? வெர்ஷன் என்றால் டிபெண்டென்சி மேனேஜ்மென்ட்டுக்கு மாற்றுங்கள். அதே கிளாஸ்கள் என்றால் எக்ஸ்க்ளூஷன் இருக்கட்டும், மேலே ஒரு வரி கமென்ட் எழுதுங்கள். காரணம் எழுதாத எக்ஸ்க்ளூஷனை ரிவ்யூவில் அனுமதிக்காதீர்கள். இன்று எல்லோருக்கும் தெரிந்த காரணம் அடுத்த வருடம் யாருக்கும் தெரியாது.

எந்தக் காரணத்தாலும் உள்ளே வரக் கூடாது என்ற ஜார் இருந்தால் என்ஃபோர்சர் ப்ளகினில் பேன்ட் டிபெண்டென்சிஸ் விதி எழுதுங்கள். அடுத்த மாதம் யாராவது புது லைப்ரரி சேர்த்து அது பின்வாசல் வழியாக வந்தால் பில்ட் அங்கேயே நிற்கும்.

கேள்வி: இம்போர்ட் ஸ்கோப்பில் எடுத்த பாமுக்குள் (BOM) எக்ஸ்க்ளூஷன் எழுதினேன். எர்ரரும் இல்லை, பலனும் இல்லை. மேவன் 3.8.

மேவன் 3-ல் அங்கே எழுதினால் கண்டுகொள்ளாது. மேவன் 4-ல்தான் அதற்கு ஆதரவு வருகிறது. அதுவரை, அந்த ஆர்ட்டிஃபேக்ட்டை உங்கள் டிபெண்டென்சி மேனேஜ்மென்ட்டில் வெர்ஷனோடு நேரடியாக எழுதி, எக்ஸ்க்ளூஷனை அதற்குள் போடுங்கள். ட்ரான்சிட்டிவாக வந்தாலும் அது செல்லும். பாம் வெர்ஷனை ஏற்றும்போதெல்லாம் இந்த வெர்ஷனையும் சேர்த்து ஏற்ற வேண்டும் என்று பக்கத்திலேயே ஒரு கமென்ட் எழுதிவிடுங்கள்.